இடுப்பில்லாத நண்டும் ஐந்து வரிப் பாட்டும்

மருதமுனைச் சாறனொன்று வேண்டி
வந்ததொரு நண்டு, தெரு தாண்டி;
   "இடுப்பெங்கே? காட்டு!"
   என்றார்கள், கேட்டு,
பெருவெட்கம்! போச்சு குழி தோண்டி.

இந்தக் கட்டுரைக்காகவே கட்டிய பாட்டு இது. ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். பிறகு, பழுதான சைக்கிளைக் கழற்றிப் பார்ப்பதுபோல் இதையும் கழற்றிப் பார்க்கலாம்.

வரிகள் ஐந்து. முதலாவது, இரண்டாவது, ஐந்தாவது வரிகள் நீளமானவை. மூன்றும் ஒரே ஓசையில் முடிகின்றன: வேண்டி, தாண்டி, தோண்டி. நடுவிலுள்ள இரண்டு குட்டி வரிகளுக்குத் தனி ஓசை: காட்டு, கேட்டு. நடுவில் ஓட்டம் வேகம் பிடிக்கிறது. ஆனாலும் '-ண்டி' மறுபடி எப்போது வரும் என்று காது காத்திருக்கிறது. அது வரும் இடத்தில்தான் சிரிப்பும் வெடிக்கிறது.

இந்த அமைப்புக்கு ஆங்கிலத்தில் லிமரிக் என்று பெயர். அயர்லாந்தில் அதே பெயரில் ஓர் ஊர் உண்டு. எட்வர்ட் லியர் 1846இல் வெளியிட்ட நூல் இதைப் பரவலாக்கியது. ஆனால் லியர் அந்தப் பெயரைப் பயன்படுத்தவில்லை. படம் வரைவதே அவருடைய தொழில். 1874இல் இலங்கைக்கும் வந்துபோனார். அவருடைய கடைசி வரி பெரும்பாலும் முதல் வரியின் சொல்லுக்கே திரும்பிவிடும். கடைசியில் திடுக்கிட வைப்பது பின்வந்தவர்களின் பழக்கம்.

தமிழுக்கு இதைக் கொண்டுவந்து தமிழாகவே ஆக்கியவர் அளவெட்டியில் பிறந்த மஹாகவி, து. உருத்திரமூர்த்தி. நூறு பாட்டுகளோடு 1966இல் வந்த அவருடைய நூலின் பெயர் 'குறும்பா'. குறுகிய பா என்றும் கொள்ளலாம். குறும்பு செய்யும் பா என்றும் கொள்ளலாம். ஊரின் போலித்தனங்களைக் கிண்டல் செய்ய அவருக்கு இந்த ஐந்து வரி போதுமாயிருந்தது. அவருடைய வேறு சில நூல்களைக் கல்முனையிலிருந்து வாசகர் சங்க வெளியீடாகக் கொண்டுவந்தவர் கல்முனைக்குடியில் பிறந்த கவிஞர் எம். ஏ. நுஃமான்.

தமிழ்க் காதுக்கு வரியின் கடைசி மட்டும் போதாது, தொடக்கமும் வேண்டும். மேலே உள்ள பாட்டில் மருதமுனைக்குப் 'பெருவெட்கம்' எதுகை. 'மருத', 'வந்த' மோனை. மகரமும் வகரமும் மோனைக்கு உறவு. ஆங்கிலப் பாட்டு ஒரு முனையில் கட்டிய ஊஞ்சல் என்றால், குறும்பா இரு முனையிலும் கட்டியது.

சரி, இதில் அர்த்தம் எங்கே? நண்டு சாறன் வாங்க வந்தது பொய். அதை ஒப்புக்கொண்ட பிறகு மற்றதெல்லாம் உண்மை. மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். சாறன் உடுக்க இடுப்பு வேண்டும். நண்டுக்குத் தலையும் மார்பும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் இடுப்பென்று சொல்ல ஒன்றுமில்லை. வெருண்டால் அது வளைக்குள்தான் ஓடும். ஒரே ஒரு பொய், அதன்பின் கறாரான நேர்மை: அபத்தப் பாட்டின் சூட்சுமம் இதுதான். எல்லாமே பொய்யென்றால் சிரிப்பு வராது, சலிப்புத்தான் வரும்.

நீங்களும் கட்டிப் பாருங்கள். ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குவது எளிது. சாய்ந்தமருதை எடுத்தால் எருது வரும், விருதும் வரும். எருதுக்கு விருது கிடைத்த கதையைச் சொல்ல இன்னும் மூன்று வரிதான் பாக்கி.