விட்ச் ஹேசல்: பெயரும் சுற்றமும்

ஆங்கில நூலொன்றில் ‘விட்ச் ஹேசல்’ என்னும் செடியைக் காணும் மாணவர், அகராதியைப் புரட்டிச் ‘சூனியக்காரிச் செடி’ என்று தமிழாக்கிவிடக் கூடும். ஒலி அவ்வாறு மயக்குகிறது. இங்குள்ள ‘விட்ச்’, வளைந்துகொடுப்பது என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. ஹேசலின் இலையை ஒத்த இலையும் வளையும் கிளையும் உடைமையால் அமைந்த பெயர் அது. இதன் கவைக்கிளையை ஏந்தி நிலத்தடி நீர் பார்க்கும் வழக்கம் அமெரிக்காவில் பரவவே, பொருள் மறந்த பெயரில் மந்திர வாடையும் ஏறிற்று.

அறிவியல் வழங்கும் பெயர் ஹமமேலிஸ். கனியோடு கூடியது என்பது அதன் கிரேக்கப் பொருள். வட அமெரிக்க இனமொன்று இலையுதிர் காலத்தில் மஞ்சளாகப் பூக்கும்போதுதான் சென்ற ஆண்டுப் பூவின் காய் முற்றி வெடித்து, விதைகளைச் சில மீட்டர் தொலைவுக்கு எறியும். சீன, ஜப்பானிய இனங்கள் குளிர் நீங்குமுன்னரே பூப்பன. இதழ்கள் நாடாப்போல் நீண்டு ஒடுங்கியவை; மொட்டினுள் சுருண்டிருந்து விரிபவை; கடுங்குளிரில் மறுபடியும் சுருண்டு தம்மைக் காப்பவை.

குளிர்காலமே இல்லாத சிம்பாங் அம்பாட்டில் இதனை நட்டுப் பூவை எதிர்பார்ப்பது வீண். ஆயினும் இதன் சுற்றம் நமக்குத் தொலைவில் இல்லை. செவ்விலையும் இளஞ்சிவப்புப் பூவுமாக அழகுக்கு வளர்க்கப்பெறும் சீனச் செடியான லோரோபெட்டாலம் இக்குடும்பத்ததே. அப்பெயருக்கு ‘வார் போன்ற இதழ்’ என்பதே பொருள்.

அதனினும் நெருங்கியது பினாங்குத் தீவின் மலைக்காட்டில் உள்ளது. மைங்காயா மலாயானா என்னும் அச்சிறுமரம் மலேசியத் தீபகற்பத்துக்கே உரியது. அதன் பேரினத்தில் அஃது ஒன்றே இனம். அதற்கும் மொட்டில் சுருண்ட நாடா இதழ்களே. மலாக்காவில் பணியாற்றிய மருத்துவரும் தாவர ஆய்வாளருமான அலெக்சாண்டர் மைங்கே 1869இல் இரங்கூன் சிறைக் கலகத்தில் கொல்லப்பட்டார். டேனியல் ஆலிவர் 1873இல் இம்மரத்தை விவரித்து அவர் பெயரைச் சூட்டினார். அம்மரம் தம் பெயரைத் தாங்கியதை அவர் அறியாமலே போனார்.

காசுமீரத்திலும் ஓர் உறவுச் செடி உண்டு. அதன் வளையும் கிளைகளால் கூடை முடைவர். தொங்கு பாலங்களும் அமைத்துள்ளனர். ‘விட்ச்’ என்பதன் மெய்ப்பொருளுக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, பெயரைத் தமிழில் எவ்வாறு அமைப்பது? சிம்பாங் அம்பாட் என்பதை நாற்சந்தி என்றால் பொருள் கெடாது. சொல்லும் இடமும் அங்கே ஒத்துள்ளன. விட்ச் ஹேசலில் அவ்வொப்பு இல்லை. ஆகவே சொல்லை விட்டுச் செடியைப் பார்ப்பதே முறை. ‘நாடாவிதழ்ச் செடி’ என்பது என் பரிந்துரை. குடும்பத்தில் இதழே இல்லாத உறவினங்களும் உண்டாதலால், இப்பெயர் ஹமமேலிசுக்கும் அதன் நெருங்கிய சிலவற்றுக்குமே பொருந்தும். மைங்காயா ஆள்பெயர் வழிவந்தது; மொழிபெயர்க்க அதில் ஏதுமில்லை. அதனை மைங்காயா என்றே எழுதலாம்.