தரவுத்தள அட்டவணையும் பனுவற்கோப்பின் வடிவக் குறிப்பும்: ஏர்பேடு என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து

சொற்றொகுதி, அகராதி, ஊர்ப்பெயர்ப் பட்டியல் முதலிய மொழித்தரவுகள் இன்று பெரும்பாலும் தரவுத்தள அட்டவணைகளில் சேமிக்கப்படுகின்றன. ஆயின் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொரு நிறுவனத்திற்குச் செல்லும்போது அவை எளிய பனுவற்கோப்புகளாகவே செல்வது மிகுதி. எந்தக் கணிப்பொறியிலும் அத்தகைய கோப்பைத் திறக்க இயலும் என்பதே இதற்குக் காரணம். எனினும், அட்டவணையில் ஒவ்வொரு புலத்திற்கும் வரையறுக்கப்பட்ட பெயர், வகை, நீளம் ஆகியன பனுவற்கோப்பில் மறைந்துவிடுகின்றன. எழுத்துகளும் இடைவெளிகளும் மட்டுமே எஞ்சுகின்றன. மறைந்தவற்றை மீட்டுத் தருவதே வடிவக் குறிப்பு. அக்குறிப்பை அட்டவணையிலிருந்தே நிரல்வழி ஆக்கும் முறையையும், தமிழ்த் தரவைப் பொறுத்தவரை அதில் கருதவேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1. வடிவக் குறிப்பின் தேவை

ஒருங்குறிச் சேர்த்தியம் வெளியிடும் எழுத்துத் தரவுக் கோப்பு இதற்கு நல்ல சான்றாகும். அதில் ஒவ்வொரு வரியும் அரைப்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட 15 புலங்களைக் கொண்டது. தமிழ்ப் புள்ளிக்குரிய வரியில் நான்காம் புலத்தில் 9 என்னும் எண் நிற்கிறது. அஃது ஒட்டுக்குறியின் வகுப்பைச் சுட்டும் எண் என்பதைக் கோப்பிலிருந்து அறிய இயலாது. அதற்கெனத் தனி ஆவணம் உள்ளது. அவ்வாவணம் இல்லையெனில் எண் உண்டு, பொருள் இல்லை.

மனிதர் படிக்கும் ஆவணத்தைப் போன்றே பொறி படிக்கும் குறிப்பும் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பனுவல் இயக்கி, தரவுக் கோப்பு உள்ள அதே அடைவில் 'ஸ்கீமா' என்னும் சிறு கோப்பைத் தேடுகிறது. தரவுக் கோப்பின் பெயர், முதல் வரி தலைப்பா என்பது, பிரிப்புக்குறி, எழுத்துக் குறிமுறை, புலங்களின் பெயரும் வகையும் அகலமும் ஆகியன அதில் வரிவரியாக இடம்பெறும். அக்கோப்பு இல்லையெனில் இயக்கி முதற்சில வரிகளை நோக்கிப் புலத்தின் வகையை ஊகிக்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலக் குறியெண்கள் 01 எனத் தொடங்கின. இத்தகைய புலத்தை எண் என ஊகித்தால் முன்னிற்கும் சுழி நீங்கி 1 என்றாகும். அக்குறியெண்ணைக் கொண்டு பிற அட்டவணைகளோடு இணைக்கும் முயற்சி பயனற்றுப் போகும்.

2. நிரல்வழி ஆக்கம்

தரவுத்தளம் தன்னைப் பற்றிய செய்திகளைத் தானே வைத்திருக்கிறது. 1992ஆம் ஆண்டின் எஸ்.க்யூ.எல். செந்தரம் இதற்கெனத் 'தகவல் திட்டம்' என்னும் பகுதியை வகுத்தது. ஓர் அட்டவணையின் புலங்கள் யாவை, எவ்வரிசையில் உள்ளன, எவ்வகையின, எவ்வளவு நீளம் கொள்வன என்பவற்றை அப்பகுதியிலிருந்து வினவிப் பெறலாம். நிரலின் பணி நான்கு படிகளில் அமையும். முதலாவது, புலங்களை வரிசைப்படி பெறுதல். இரண்டாவது, தரவுத்தள வகைப்பெயரைக் கோப்புக்குரிய வகைப்பெயராக மாற்றுதல். மூன்றாவது, அகலத்தைக் கணித்தல். நான்காவது, குறிப்பையும் தரவையும் ஒரே ஓட்டத்தில் எழுதி, எழுதியதை மீண்டும் படித்து மூலத்தோடு ஒப்பிடுதல்.

கையால் எழுதும் குறிப்பு நாளடைவில் அட்டவணையோடு பொருந்தாது போகும். ஊர்ப்பெயர் அட்டவணையின் இடையில் 'தெலுங்கு வடிவம்' என ஒரு புலத்தைச் சேர்ப்பவர் குறிப்பைத் திருத்த மறக்கலாம். நிரல் ஒவ்வொரு முறையும் அட்டவணையையே வினவுவதால் இப்பிழை நேர்வதில்லை.

3. அகலமும் எழுத்தும்

மூன்றாம் படியிலேயே தமிழுக்குரிய சிக்கல் எழுகிறது. திருப்பதிக்கு அண்மையில், கூடூர்–காட்பாடி இருப்புப்பாதையில் அமைந்த ஊர் ஏர்பேடு. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் திருப்பதி வளாகம் இங்குள்ளது. ஏர்பேடு என்னும் பெயரின் நீளம் யாது? இலக்கண மரபுப்படி நான்கு எழுத்துகள்: ஏ, ர், பே, டு. ஒருங்குறியில் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் ஏழு குறியீடுகள். யு.டி.எஃப்.-8 குறிமுறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்வதால் 21 பைட்டுகள். நான்கு, ஏழு, இருபத்தொன்று ஆகிய மூன்று விடைகளும் சரியானவையே.

தரவுத்தளங்களும் இதில் வேறுபடுகின்றன. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் எழுத்துப் புலத்தின் நீளம் குறியீடுகளைக் குறிக்கும். ஆரக்கிளில் வேறு அமைப்பு செய்யப்படாதபோது பைட்டுகளைக் குறிக்கும். பெயர்ப்புலத்திற்கு 12 என்னும் அகலம் குறிப்பில் உள்ளது எனக் கொள்வோம். எழுதும் நிரல் அதனைக் குறியீடுகளாகவும் படிக்கும் நிரல் பைட்டுகளாகவும் எண்ணினால், படிப்பவருக்கு 'ஏர்ப' என்பது மட்டுமே கிட்டும். எஞ்சியது அடுத்த புலத்திற்குள் புகும்.

இப்பிழையேனும் கண்ணுக்குப் புலப்படும். புலப்படாத பிழையே தீங்கு மிக்கது. 'வெற்றிலை' என்னும் தலைச்சொல் 24 பைட்டு கொள்வது. 18 பைட்டு அகலமுள்ள புலத்தில் அது 'வெற்றி' என நின்றுவிடும். அதுவும் அகராதிச் சொல்லாதலின் எந்தச் சொற்பிழை திருத்தியும் அதனைச் சுட்டிக்காட்டாது.

'கொடி' போன்ற சொற்களில் மற்றொரு வேறுபாடும் உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவோ, எகரக் குறியும் காலுமாக இரு குறியீடுகளாகவோ எழுத ஒருங்குறி இடந்தருகிறது. அதனால் இச்சொல் நான்கு குறியீடுகளாகவும் அமையலாம், ஐந்தாகவும் அமையலாம். எனவே தரவை ஒரே வடிவிற்குக் கொணர்ந்த பின்னரே அகலத்தைக் கணித்தல் வேண்டும். கணித்த அலகு குறியீடா, பைட்டா என்பதும் குறிப்பில் எழுதப்படல் வேண்டும்.

4. நிரலால் இயலாதது

ஏர்பேடு முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது; 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவானபோது அதன் பகுதியாயிற்று. சித்தூர் என்பது 24 பைட்டு. திருப்பதி என்பது 27 பைட்டு. பழைய தரவின் அகலத்தையே வைத்துக்கொண்டால் புதிய மாவட்டப் பெயர் 'திருப்பத' எனக் குறைப்படும். குறிப்பைப் புதிதாக ஆக்கும் நிரல் இதனைத் தவிர்த்துவிடும். ஆனால் 'மாவட்டம்' என்னும் புலம் எந்நாளைய நிலையைக் காட்டுகிறது என்பதை நிரல் அறியாது. பழைய ஆவணம் ஒன்றை மொழிபெயர்ப்பவருக்குச் சித்தூர் என்பதே பொருந்தும். இன்றைய முகவரியை எழுதுபவருக்குத் திருப்பதி பொருந்தும்.

இதற்கும் வழியுண்டு. போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் போன்ற தரவுத்தளங்கள் ஒவ்வொரு புலத்தோடும் விளக்கவுரை ஒன்றைச் சேர்த்துவைக்க இடமளிக்கின்றன. பொருளை அறிந்த மொழியறிஞர் அதனை அங்கு எழுதிவைத்தால், நிரல் அவ்வுரையையும் எடுத்து வடிவக் குறிப்போடு சேர்த்து எழுதும். பெயர், வகை, அகலம் ஆகியவற்றைத் தரவுத்தளமே அளிக்க, பொருளை மட்டும் அறிஞர் அளிப்பது தக்க பணிப்பகிர்வு எனலாம். அவ்வாறு அமையும் கோப்பு, அதனை ஆக்கியவரை அறியாத மற்றொரு நிறுவனத்தாரின் கைக்குச் சென்றாலும் பொருள் மாறாது பயன்படும்.