கார் கதவுக் கீலுக்குப் புஷ், முள் செய்தல்

கீல் புஷ் என்பது கார் கதவைத் தாங்கும் கீலின் துளைக்குள் இறுக்கமாக அமர்ந்து, நடுவே செல்லும் முள்ளைச் (பின்) சுழலவிடும் சிறிய உலோகக் குழாய் ஆகும். கடையில் உதிரி பாகம் கிடைக்காத பழைய வண்டிகளுக்குப் புஷ்ஷையும் முள்ளையும் லேத் பட்டறையில் கடைந்து பொருத்துவது உண்டு. 1957-இல் அறிமுகமாகி 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் அத்தகைய வண்டிகளுள் ஒன்று. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களில் டிராக்டர், பம்புசெட் வேலை பார்க்கும் லேத் பட்டறைகளில் இதைச் செய்து கொள்ளலாம். மேட்டூர் அணை திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டிச் சென்றால் உழவு வேலைகளுக்குப் பின்னால்தான் முறை வரும்.

தேய்வதற்குக் காரணம்

கோயில்களின் பழைய மரக்கதவுகளுக்குக் கீல் இல்லை. கதவின் மேலும் கீழும் நீட்டிய குடுமி குழிக்குள் சுழலும். எடை நேராகக் கீழே இறங்கிவிடும். கார் கதவோ பக்கவாட்டில் தொங்குகிறது. கதவின் எடை 20 கிலோ, எடை மையம் கீலிலிருந்து 50 செ.மீ., இரு கீல்களுக்கும் இடைவெளி 35 செ.மீ. என்று கொண்டால், மேல் கீலை வெளியே இழுக்கும் விசை ஏறத்தாழ 29 கிலோ எடைக்குச் சமம். கீழ்க் கீலை அதே அளவு விசை உள்ளே தள்ளும். ஒருவர் திறந்த கதவின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கியபடி இறங்கினால் இது பல மடங்காகிறது. வயதானவர்கள் அப்படித்தான் இறங்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வயல்புழுதியும், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றும் தேய்மானத்தை விரைவுபடுத்தும்.

ஒவ்வொரு கீலிலும் அரை மில்லிமீட்டர் தேய்ந்தாலே, ஒரு மீட்டர் நீளக் கதவின் பூட்டு முனை சுமார் 3 மி.மீ. கீழே இறங்கும். அதனால்தான் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டியிருக்கிறது.

சோதித்தல்

கதவைப் பாதி திறந்து, அதன் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். முள்ளைச் சுற்றி ஆட்டம் தெரிந்தால் புஷ் போய்விட்டது. கீலே தூணோடு சேர்ந்து அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது தூணின் தகடு துருப்பிடித்து விரிந்திருக்கும். பின்னது டிங்கரிங் வேலை. புது புஷ்ஷால் தீராது.

செய்முறை

கதவின் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிய பிறகே முள்ளைத் தட்டி எடுக்க வேண்டும். கதவுக்குள் மின்கம்பி செல்லும் வண்டியில் பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுவது நல்லது. முள்ளின் தேயாத பகுதியையும் கீல் துளையையும் வெர்னியர் காலிப்பரால் அளக்க வேண்டும். தேய்ந்த புஷ்ஷை அளந்து அதே அளவில் செய்யச் சொல்வது பலரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் பழைய ஆட்டமே புதிதாகக் கிடைக்கும்.

புஷ்ஷுக்குக் கன்மெட்டல் அல்லது பாஸ்பர் வெண்கலம் ஏற்றது, முள்ளுக்கு எஃகு. முள்ளைவிடப் புஷ் மென்மையாக இருப்பது வேண்டுமென்றே செய்வது. தேய்வது எளிதில் மாற்றக்கூடிய புஷ்ஷாக இருக்கட்டும் என்பதே காரணம். புஷ்ஷின் வெளிவிட்டம் துளையைவிட 0.02 முதல் 0.05 மி.மீ. வரை கூடுதலாக இருந்தால், வைஸில் வைத்து அழுத்தும்போது இறுகி நிற்கும். அழுத்தியதும் உள்துளை சற்றுச் சுருங்கும் என்பதால், ரீமர் போடுவது அதற்குப் பிறகுதான். முள்ளுக்கும் புஷ்ஷுக்கும் இடையே 0.05 மி.மீ. அளவு இடைவெளி போதும். புஷ்ஷின் விளிம்பில் சிறு காலர் விட வேண்டும்; கதவின் எடையைக் கீழே தாங்குவது அதுதான். முள்ளுக்குப் பதிலாக முழு மரையுள்ள போல்ட்டைச் செருகுவோர் உண்டு. மரையின் விளிம்புகள் அரம்போல் புஷ்ஷை அராவிவிடும்.

எதைச் செய்யக் கூடாது

புஷ், முள் இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கீலின் தகட்டையே வெட்டி வளைத்துச் செய்வதும், விரிசல் விட்ட தகட்டை வெல்டிங் செய்து ஓட்டுவதும் ஆபத்து. விபத்தில் கதவு பிய்ந்து போகாமல், உள்ளிருப்பவர் வெளியே எறியப்படாமல் காப்பதில் கீலுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் கூட்டரசு வாகனப் பாதுகாப்புத் தரம் 206-இன்படி ஒரு பக்கக் கதவின் கீல் தொகுதி நீளவாட்டில் 11,000 நியூட்டன், குறுக்குவாட்டில் 9,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். ஏறத்தாழ ஒரு டன் எடையை அதில் தொங்கவிடுவதற்கு இது சமம். பட்டறையில் வளைத்த தகட்டை அப்படிச் சோதித்துப் பார்க்க வழியில்லை. தகடு கெட்டிருந்தால் பழைய இரும்புக் கடையில் அதே மாதிரி வண்டியின் கீலைத் தேடுவதே சரி.

புது புஷ் போட்டதும் கதவு மேலே ஏறிவிடும். முன்பு தொங்கிய கதவுக்கேற்ப யாராவது பூட்டுக் கொக்கியை இறக்கி வைத்திருந்தால், அதையும் பழைய இடத்துக்கு உயர்த்த வேண்டும்.