குப்பிக்குள் பிறந்த நீர்ச்செடி

ரயில்வே பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் என் பொழுதுபோக்கு வீட்டு மீன் தொட்டிதான். ஒருமுறை சந்தையில் வாங்கி நட்ட செடிகளோடு நத்தை முட்டைகளும் வந்து சேர்ந்தன. நத்தையை ஒழிக்கத் தாமிரம் கலந்த மருந்தை ஊற்றினேன். நத்தையோடு, ஆசையாக வளர்த்த சிறு இறால்களும் அத்தனையும் மாண்டன. அதன்பிறகே திசு வளர்ப்புச் செடிகளைப் பற்றி விசாரித்து அறிந்தேன்.

தாவரத்தின் ஒற்றைச் செல்லிலிருந்தே முழுச் செடியை உருவாக்க முடியும் என்று 1902-ல் ஹாபர்லான்ட் என்ற ஆஸ்திரிய அறிஞர் கருதினார். திசு வளர்ப்புக்கு வித்திட்ட கருத்து அதுதான். அனுபியாஸ் போன்ற நீர்ச்செடி தானாக வளர்ந்தால் மாதம் ஓரிரு இலைகளே விடும். ஆய்வுக்கூடத்தில் அதன் குருத்து முனையை வெட்டி, கிருமிநாசினியில் கழுவி, ஊட்டக்கூழில் வைக்கிறார்கள். கூழில் அகர்-அகர், தாது உப்புகள், லிட்டருக்குச் சுமார் 30 கிராம் சர்க்கரை, ஹார்மோன்கள் ஆகியவை இருக்கும். 1962-ல் முராஷிகி, ஸ்கூக் இருவரும் வகுத்த சேர்மானமே இன்றும் பெரிதும் வழக்கில் உள்ளது. சைட்டோகைனின் என்ற ஹார்மோன் மிகுந்தால் தளிர்கள் கிளைக்கும். ஆக்சின் மிகுந்தால் வேர் விடும். கிளைத்த தளிர்களைப் பிரித்துப் புதுக் குப்பிகளில் வைத்தால் ஒன்று பலவாகும்.

சர்க்கரைக் கூழ் பூஞ்சைக்கும் விருந்துதான். ஆகவே, பிரஷர் குக்கர் போன்ற கலத்தில் 121 டிகிரி செல்சியஸில் நீராவியால் கூழைக் கிருமி நீக்குகிறார்கள். தண்டவாளத்துக்குத் தெர்மிட் வெல்டிங் செய்யும்போது அச்சில் சிறிது ஈரம் இருந்தாலும் மூட்டு கெட்டுவிடும். இதுவும் அப்படித்தான், ஒரு பூஞ்சை வித்து புகுந்தால் குப்பியே வீண்.

இவ்வளவு சுத்தமாக வளர்வதால் நத்தையோ பாசியோ கூட வருவதில்லை. ஆனால் நான் வாங்கிய கிரிப்டோகொரைன் செடியின் இலைகள் பத்தே நாளில் கூழாய்க் கரைந்தன. தூக்கி எறியப் போனேன். "வேர் நல்லாத்தானே இருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்றாள் மனைவி. மூன்றாம் வாரம் புதுத் தளிர் எட்டிப் பார்த்தது!

காரணம் எளிது. குப்பியில் அச்செடி காற்றில் இலை விட்டது. சர்க்கரையை உண்டு வளர்ந்தது. நீருக்குள் வந்ததும் அதற்கேற்ற புதிய இலைகளை அது விட வேண்டும்.

எனவே அன்பர்களே, வேரில் ஒட்டிய கூழை நன்றாகக் கழுவுங்கள். சிறு சிறு கொத்தாகப் பிரித்து நடுங்கள். இலை கரைந்தாலும் வேர் உறுதியாக இருந்தால் காத்திருங்கள். கிரிப்டோகொரைன் இனங்கள் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் வளர்கின்றன. குப்பியில் பிறந்த செடியை வாங்கினால் ஓடைச் செடியைப் பிடுங்க வேண்டியதில்லை.