கடல் கடந்து படிக்கச் செல்லும் பிள்ளைகள்: உடல்நலத்தில் மறைக்கக் கூடாதவை

ஆண்டுதோறும் ஆடி, ஆவணி மாதங்களில் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கிறோம். "பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறான். என்னென்ன மாத்திரை கொடுத்தனுப்பலாம்?" என்பதே அது. திருவண்ணாமலை நகரிலிருந்து மட்டுமன்றி, செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு பகுதிகளிலிருந்தும் பெற்றோர் இக்கேள்வியுடன் வருகின்றனர்.

அவ்வாறு வந்த ஒரு தந்தையின் கேள்வி சற்று வேறுபட்டிருந்தது. அவருடைய மகனுக்குப் பன்னிரண்டு வயது முதல் முதல்வகை நீரிழிவு உண்டு. நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். பிரிட்டனில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. "ஆறு மாதத்துக்கு இன்சுலின் எழுதிக் கொடுங்கள் சார். அங்கே யாரிடமும் சொல்லாதே என்று சொல்லியிருக்கிறேன். சர்க்கரை என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்றார். மகன் பேசாமல் அமர்ந்திருந்தார்.

அத்தந்தையின் அச்சம் எனக்குப் புரிந்தது. நிலத்தை அடகு வைத்து அனுப்பும் படிப்பு நோயின் பெயரால் நின்றுவிடக் கூடாது என்ற கவலை அது. ஆயினும் அவர் தேர்ந்தெடுத்த வழி மகனின் உயிருக்கே ஆபத்தானது. வெளிநாட்டில் நம் பிள்ளைகளின் உடல்நலத்தைக் கெடுப்பவற்றுள் முதன்மையானது குளிரோ உணவோ அன்று. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதே. இதை விளக்க, நாம் அனைவரும் அறிந்த ஒருவரின் வாழ்க்கையை ஒரு மருத்துவரின் பார்வையில் நினைவுகூர விரும்புகிறேன்.

ஒரு மேதையின் நோய்க்குறிப்பு

கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து கப்பலேறி, ஏப்ரலில் இங்கிலாந்தை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 26. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே முதல் உலகப் போர் மூண்டது. கேம்பிரிட்ஜில் மரக்கறி உணவில் உறுதியாக இருந்த அவர் தாமே சமைத்து உண்டார். போர்க்காலத் தட்டுப்பாட்டில் காய்கறியும் பழமும் கிடைப்பது அரிதாயிற்று. நேரம் பாராமல் உழைத்தார். கிடைத்த பொழுதில் உறங்கினார்.

அங்கு அப்போது படித்துக்கொண்டிருந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ், பிற்காலத்தில் புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞரானவர், ஒரு நிகழ்ச்சியைக் கூறியிருக்கிறார். இரவில் குளிர் தாங்க முடியாமல் ராமானுஜன் மேலங்கியை அணிந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். மகலனோபிஸ் படுக்கையைப் பார்த்தபோது கம்பளிகள் மெத்தையின் ஓரத்தில் இறுகச் செருகப்பட்டு அப்படியே இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை. யாரையேனும் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும் துன்பம் அது.

1917-இல் அவர் நோயுற்றார். முதலில் வயிற்றுப் புண் என்றும், பின்னர் காசநோய் என்றும் மருத்துவர்கள் கருதினர். ஒரு மருத்துவ விடுதியிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தார். குடும்பத்துப் பிணக்கினால் மனைவி ஜானகியின் கடிதங்கள் அவர் கைக்குச் சென்று சேரவில்லை. 1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முற்பட்டார், நல்வாய்ப்பாகக் காப்பாற்றப்பட்டார். ராயல் சொசைட்டியின் உறுப்பினராக உலகம் அவரைப் போற்றியதும் அதே ஆண்டில்தான். வெளியே புகழ் வளர்ந்தபோதே உள்ளே மனம் நொறுங்கியிருந்தது. 1919 மார்ச்சில் நாடு திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் 32 வயதில் காலமானார்.

1994-இல் டி. ஏ. பி. யங் என்ற ஆங்கில மருத்துவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அவருக்கு இருந்தது காசநோயாக இல்லாமல், கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று எழுதினார். இந்தியாவில் இருந்தபோது ராமானுஜனுக்குச் சீதபேதி வந்திருந்தது. அந்த அமீபா கல்லீரலில் பல ஆண்டுகள் தங்கிப் பின்னர் நோயாக வெளிப்படக் கூடும் என்பது அவருடைய வாதம். இது ஓர் அனுமானமே. எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு அன்று. ஆனால் அமீபா நோய்க்கு அக்காலத்திலேயே மருந்து இருந்தது. 1912-இல் கொல்கத்தாவில் லியனார்ட் ராஜர்ஸ் எமெட்டின் ஊசியால் அந்நோயைக் குணப்படுத்திக் காட்டியிருந்தார். ஒரு நோயாளியின் பழைய வரலாறு எவ்வளவு மதிப்புடையது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

என் எதிரே அமர்ந்திருந்த தந்தைக்கு நான் முதலில் கூறியது இதுதான். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிரிட்டன் மாணவர் விசாவுக்கு இந்தியரிடம் கேட்கப்படும் மருத்துவச் சான்று காசநோய்க்கானது மட்டுமே. நீரிழிவைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பமாட்டார்கள். மாறாக, இங்கிலாந்தில் உள்ளூர்க் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொண்டால், இன்சுலின் போடுவோர் மருந்துக் கட்டண விலக்குச் சான்று பெற்று அதை இலவசமாகவே வாங்கலாம். மறைத்தால் இழப்பு மாணவருக்கே.

இரண்டாவதாகக் கூறியது இன்னும் முக்கியமானது. நம் கடைகளில் குப்பியில் விற்கப்படும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் செறிவுடையது. மேலைநாடுகளில் வழக்கமாகக் கிடைப்பது 100 யூனிட். இங்கிருந்து எடுத்துச் சென்ற 40 யூனிட் சிரிஞ்சில், அங்கு வாங்கிய இன்சுலினை வழக்கமான கோடு வரை நிரப்பினால் உடலுக்குள் செல்வது இரண்டரை மடங்கு அளவு. தனி அறையில், இரவில், தாழ்சர்க்கரையால் மயங்கிவிட்டால் உதவ யார் இருப்பார்? நாட்பட்ட நோயுள்ள மாணவர் தம் மருந்தின் பொதுப்பெயரையும் செறிவையும் எழுதிக்கொண்டு செல்ல வேண்டும். அங்குள்ள மருத்துவரிடம் முதல் வாரத்திலேயே காட்ட வேண்டும். பயணத்தின்போது இன்சுலினைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். விமானத்தின் சரக்குப் பகுதியில் அது உறைந்து கெட்டுவிடக் கூடும்.

ஆஸ்துமா, வலிப்பு, தைராய்டு, இதய வால்வுக் கோளாறு, மனநல மருந்துகள் ஆகிய அனைத்துக்கும் இதே விதி பொருந்தும். மருத்துவரின் கடிதம், மருந்துச் சீட்டு, அண்மைப் பரிசோதனை முடிவுகள், தடுப்பூசி விவரம், ஒவ்வாமை ஆகியவற்றை ஒரே கோப்பாகத் தொகுத்துக் கைபேசியிலும் படியாக வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளைக் கடையில் வாங்கிய அட்டையுடனேயே எடுத்துச் செல்லுங்கள். நம்மிடையே தாராளமாகப் புழங்கும் சில மருந்துகளுக்குப் பிற நாடுகளில் தடையோ கட்டுப்பாடோ உண்டு. நிமெசுலைடு என்ற வலி மாத்திரைக்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அனுமதி இல்லை. டிராமடால், கோடீன் கலந்த மருந்துகள் பல நாடுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை.

சென்று சேர்ந்த சில மாதங்களில் காய்ச்சல் வந்தால், "நான் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன்" என்று மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும். மலேரியா, டெங்கு, டைபாய்டு, காசநோய் ஆகியவற்றை அங்குள்ள மருத்துவர்கள் அன்றாடம் காண்பதில்லை. இந்த ஒரு வாக்கியம் அவர்களின் சிந்தனையைச் சரியான திசையில் திருப்பும்.

காப்பீட்டுப் படிவத்திலும் உண்மையையே எழுதுங்கள். பிரிட்டனில் மாணவர்கள் விசாவுடன் ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் செலுத்துகின்றனர். அதனால் அரசு மருத்துவச் சேவையைப் பயன்படுத்தும் உரிமை பெறுகின்றனர். ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் மாணவருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அமெரிக்காவில் காப்பீடு இல்லாமல் ஒருமுறை அவசர சிகிச்சைக்குச் சென்றாலே ஒரு குடும்பம் கடனில் மூழ்கிவிடக் கூடும். ஏற்கெனவே உள்ள நோயை மறைத்துப் பெற்ற காப்பீடு, தேவைப்படும் நாளில் கைகொடுக்காமல் போகலாம்.

அருகில் இருப்பவரிடம் கேட்க வேண்டியவை

ராமானுஜனின் கம்பளி இன்றும் பல வடிவங்களில் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அறையைச் சூடாக்கும் கருவியை இயக்கத் தெரியாமல், மூடிய அறைக்குள் கரியடுப்பு மூட்டுவோர் உண்டு. அதிலிருந்து வெளியேறும் கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ இல்லாத நச்சுவாயு. உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். உறைந்த ஏரியின் மேல் நடப்பதும், பழக்கமில்லாத குளிர்ந்த ஆற்றில் இறங்குவதும் அத்தகையவையே. குளிர்ந்த நீர் நன்றாக நீந்துபவரையும் சில நிமிடங்களில் செயலிழக்கச் செய்யும். உள்ளூரில் உள்ளவரைக் கேட்பதில் வெட்கமில்லை.

வட நாடுகளில் டிசம்பர் மாதத்தில் பிற்பகல் நான்கு மணிக்குள் இருட்டிவிடும். வெயில் குறைவதால் வைட்டமின் டி குறையும். பிரிட்டன் அரசு இலையுதிர், குளிர் காலங்களில் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளுமாறு அனைவருக்கும் பரிந்துரைக்கிறது. மரக்கறி மட்டும் உண்போர் பி12 அளவைப் புறப்படுமுன் பரிசோதித்துக்கொள்வது நலம். பருப்பு, முட்டை, பால், உறைநிலைக் காய்கறி ஆகியவை எங்கும் கிடைப்பவை. இரவு வேலையும் நூடுல்ஸுமாக மாதங்களைக் கழித்துவிட்டுத் தேர்வு நேரத்தில் தளர்ந்து வீழ்வோர் பலர்.

நீரிழிவுள்ளவர் அறைத்தோழருக்குத் தாழ்சர்க்கரையின் அறிகுறிகளைக் கற்றுக்கொடுக்க வேண்டும். நினைவிருந்தால் சர்க்கரை கலந்த பானம் தரலாம். நினைவில்லையெனில் வாயில் எதுவும் ஊற்றாமல் அவசர உதவியை அழைக்க வேண்டும். பிரிட்டனில் 999, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000, சிங்கப்பூரில் ஆம்புலன்சுக்கு 995 ஆகிய எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வீட்டாரிடம் பேச வேண்டியவை

"நல்லா இருக்கேன்" என்று பிள்ளை சொல்வதும், "நாங்களும் நல்லா இருக்கோம்" என்று பெற்றோர் சொல்வதும் அன்பினால்தான். ஆனால் அவ்வன்பே சில வேளைகளில் உண்மையை மூடிவிடுகிறது. பகலில் உறங்கி இரவில் விழித்திருத்தல், அழைப்பை எடுக்காமை, வகுப்புக்குச் செல்லாமை, உணவில் நாட்டமின்மை, "நான் உங்களுக்குப் பாரம்" என்ற பேச்சு ஆகியவை இரண்டு வாரம் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். உயிரை வெறுக்கும் பேச்சு எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இலவச மனநல ஆலோசனை உண்டு. அங்கு பேசுவது மதிப்பெண்ணைப் பாதிக்காது. இங்குள்ள பெற்றோர் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

மேலைநாட்டு மருத்துவமனைகள் வயதுவந்த நோயாளியின் ஒப்புதலின்றிப் பெற்றோருக்குத் தகவல் தருவதில்லை. ஆகவே அவசரத் தொடர்பாளராக யாரைக் குறிப்பிட்டிருக்கிறார் என்பதைப் பிள்ளையிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஓர் அறைத்தோழரின் எண்ணையேனும் வாங்கி வைத்திருங்கள்.

அந்தத் தந்தை சில மாதங்களுக்குப் பின் தம் ரத்த அழுத்தத்துக்காக என்னிடம் வந்தார். மகன் அங்குள்ள மருத்துவரிடம் எல்லாவற்றையும் கூறிப் பதிவு செய்துகொண்டாராம். ஓர் இரவு சர்க்கரை தாழ்ந்தபோது அறைத்தோழரே பழச்சாறு கொடுத்து எழுப்பியிருக்கிறார். "அவனுக்காகப் பௌர்ணமிதோறும் கிரிவலம் போகிறேன் சார்" என்றார். அவருடைய ரத்த அழுத்தம் அன்று மிக உயர்ந்திருந்தது. மகனுக்கு அது தெரியுமா என்று கேட்டேன். "படிப்பு முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம்" என்றார். மகனுக்குச் சொன்ன அறிவுரை தந்தைக்கும் உரியதே என்றேன். சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டார்.

உங்கள் பிள்ளை இவ்வாண்டு புறப்படுவதாயின், குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் காணுங்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசியும், மூளையுறைக் காய்ச்சலுக்கான தடுப்பூசியும் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பற்களையும் கண்களையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வரும்போது பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்து வாருங்கள். பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள்; அவருடைய நோய் வரலாற்றை அவரே தம் வாயால் சொல்லிப் பழகட்டும்.