18 வயசோடு ஜீவனாம்சம் நின்றுவிட்டால், காலேஜ் ஃபீஸை யார் கட்டுவது?

பெங்களூரில் வேலை பார்க்கும் என் தோழி ஒருவர் போன மாதம் ஒரு பி.டி.எஃப். அனுப்பினார். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான ஒப்பந்த வரைவு. அதில் ஒரு வரி: 'மகள் 18 வயதை எட்டும்வரை தந்தை மாதம் 15,000 ரூபாய் வழங்குவார்.' குழந்தைக்கு இப்போது 6 வயசு. "டேட்டா பார்க்கிற ஆளுதானே நீ, இது போதுமான்னு சொல்லு" என்று கேட்டிருந்தார்.

எக்செல் திறந்தேன். மாதம் 15,000 என்றால் 12 வருடத்துக்கு 21.6 லட்சம். கேட்க நல்ல தொகைதான். இன்றைக்கு ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வருடத்துக்கு 2 லட்சம் ஃபீஸ் என்று வைத்துக்கொள்வோம். அது வருடம் 8 சதவீதம் ஏறினால், அந்தக் குழந்தை கல்லூரிக்குப் போகும்போது முதல் வருட ஃபீஸ் மட்டும் சுமார் 5 லட்சம். நான்கு வருடத்துக்குச் சேர்த்து 22.7 லட்சம். அதாவது, 12 வருடம் சாப்பாடு, ஸ்கூல், டாக்டர் எல்லாத்துக்குமாக வந்த மொத்தப் பணத்தைவிட நாலு வருட ஃபீஸ் அதிகம். அந்த நாலு வருடத்தில் அப்பா பக்கத்திலிருந்து வருவது பூஜ்யம். ஃபீஸும் ஏற்றமும் நான் எடுத்துக்கொண்ட அனுமானம்தான், உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆனால் பிளஸ் டூ முடிகிற நேரத்தில் பணம் நிற்கிறது என்பது மாறாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் சிக்கல். பலருக்கும் தெரிந்த ஜீவனாம்சச் சட்டம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதுவே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144வது பிரிவு. இதன்படி மைனர் பிள்ளைகளுக்குத்தான் பராமரிப்புத் தொகை. மேஜரான பிறகு, உடல் அல்லது மனநலக் குறைபாட்டால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கு மட்டும். இந்து திருமணச் சட்டத்தின் 26வது பிரிவு 'கல்வி' என்ற வார்த்தையைச் சொல்கிறது, ஆனால் அதுவும் மைனர் பிள்ளைகளுக்கு. சிறப்புத் திருமணச் சட்டமும் அப்படியே.

இந்துப் பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கதவு உண்டு. 1956ஆம் வருட இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20வது பிரிவு. தன் வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியாத, திருமணமாகாத மகளைப் பராமரிக்கும் கடமை 18 வயசோடு முடியாது. அந்தச் சட்டத்தில் 'பராமரிப்பு' என்பதற்குள் கல்வியும் அடக்கம். கடமை அப்பாவுக்கு மட்டுமில்லை, அம்மாவுக்கும்தான். 2020 செப்டம்பரில் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இந்த இரண்டு பாதைகளையும் பிரித்துக் காட்டியது: மேஜரான மகள் 125இல் கேட்க முடியாது, 20வது பிரிவில் கேட்கலாம். முஸ்லிம் பெற்றோரைப் பொறுத்தவரை, 1997இல் நூர் சபா காத்தூன் வழக்கில் மகள்களுக்குத் திருமணம் ஆகும்வரை தந்தையின் பொறுப்பு தொடரும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மகன்? எழுதப்பட்ட சட்டத்தில் 18 தான் கோடு. இந்த இடைவெளியை நீதிமன்றங்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புகின்றன.

தீர்ப்புகள் எங்கே போகின்றன?

2021 மார்ச்சில் கர்நாடக அரசு ஊழியர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மகனுக்கு 18 வயது வரை என்பதை மாற்றி, பள்ளிக்குப் பிறகு முதல் பட்டம் முடிக்கும்வரை தந்தை பணம் தர வேண்டும் என்றது நீதிமன்றம். தொகை மாதம் 10,000, ஒவ்வொரு நிதியாண்டும் 1,000 கூடும். (10,000த்தில் 1,000 என்பது 10 சதவீதம், அதுவே 20,000 ஆகும்போது 5 சதவீதம். ஒப்பந்தத்தில் ஏற்றத்தை ரூபாயில் எழுதாமல் சதவீதத்தில் எழுதுவது ஏன் நல்லது என்பதற்கு இது ஒரு காரணம்.)

அதே வருடம் ஜூனில் டெல்லி உயர் நீதிமன்றம் ஊர்வசி அகர்வால் வழக்கில் வேறு கோணத்தில் வந்தது. 18 வயதில் பையன் பிளஸ் டூவைத்தான் தாண்டியிருப்பான், அவன் செலவு முழுவதையும் அம்மா தலையில் கட்ட முடியாது என்றது. மகன் பட்டம் முடிக்கும்வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும்வரை, எது முதலோ அதுவரை, அம்மாவுக்கு மாதம் 15,000 இடைக்காலத் தொகை. பணம் மகனுக்கு இல்லை, அவனை வைத்துக்கொண்டு செலவு செய்யும் அம்மாவுக்கு என்பதைக் கவனியுங்கள்.

மிகவும் பேசப்பட்டது 2025 ஜனவரி 2 உத்தரவு. 26 வருடங்களாகப் பிரிந்து வாழும் பெற்றோர். அயர்லாந்தில் படித்த மகளுக்கு அப்பா 43 லட்சம் கொடுத்திருந்தார். மகள் அதை வைத்துக்கொள்ள விரும்பவில்லை, அப்பா திரும்ப வாங்க மறுத்தார். கல்விச் செலவைப் பெற்றோரிடம் பெறுவது மகளின் பறிக்க முடியாத உரிமை, பணம் அவருடையதுதான் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் கூடவே ஒரு வரம்பும் உண்டு: பெற்றோரின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு. வெளிநாட்டுப் படிப்பு என்று சொன்னவுடன் யாரும் காசோலை எழுதித்தர வேண்டியதில்லை.

அம்மாவும் சம்பாதித்தால்? 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு இதற்குப் பதில் சொல்கிறது. கல்விச் செலவு பொதுவாகத் தந்தையுடையது, மனைவிக்குப் போதிய வருமானம் இருந்தால் இருவரும் அவரவர் விகிதப்படி பகிரலாம். இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஐ.டி. சம்பளம் வாங்கும் தம்பதிகளுக்கு நடைமுறையில் இந்த விகிதக் கணக்குதான் முக்கியம்.

அப்போ ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது?

தோழிக்கு நான் சொன்னது, '18 வயது' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'முதல் பட்டம் முடியும்வரை' என்று போடச் சொல்லி. ஃபீஸ் என்று மட்டும் எழுதினால் ஹாஸ்டல், லேப்டாப், நீட் அல்லது ஜே.இ.இ. கோச்சிங் எல்லாம் பின்னாடி சண்டையாகும். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதி, யார் எத்தனை சதவீதம் என்று போட்டுவிடுவது நல்லது. அப்பாவுக்கு 'என் காசு எங்கே போகுது' என்ற சந்தேகம் இருந்தால், ஃபீஸை நேரடியாகக் கல்லூரிக் கணக்கில் கட்டலாம் என்று எழுதலாம். அது நியாயமான கோரிக்கைதான். செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருந்தால், அதில் கார்டியனாக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 18 வயதுக்குப் பிறகோ பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ, படிப்புக்காக அதில் பாதி வரை எடுக்கலாம். அதைக் கேட்டு விண்ணப்பிக்கும் நிலையில் இருப்பவர் எதிர்த்தரப்பாக இருந்தால் தலைவலி.

பணம் வராமல் போனால், 144வது பிரிவு உத்தரவுக்கு வாரண்ட் கேட்டு மனு போட, தவணை வரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடம்தான் அவகாசம். 'பாவம், அடுத்த மாசம் தருவார்' என்று இரண்டு வருடம் பொறுத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

கடன் எடுத்தால்?

கல்விக் கடனில் பெற்றோரில் ஒருவர் கூட்டுக் கடனாளியாக இருப்பது வங்கிகளின் வழக்கம். குழந்தை அம்மாவோடு இருந்தால் அம்மா போதும், ஆனால் கிளையில் அப்பா கையெழுத்தையும் கேட்கலாம். விவாகரத்து டிக்ரியும் கஸ்டடி உத்தரவும் கையில் இருக்கட்டும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிலுள்ள நல்ல கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தால் ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்திலும் தவணை தொடங்காத காலத்திலும் 3 சதவீத வட்டிச் சலுகை. வட்டிக்கான வருமான வரிக் கழிவு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான்.

ஒரு எச்சரிக்கை. 'இ.எம்.ஐ.யில் பாதி நான் தர்றேன்' என்று முன்னாள் கணவர் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தாலும், அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் தராத மாதம் அடிவாங்குவது கையெழுத்துப் போட்டவரின் சிபில் ஸ்கோர். பிள்ளையுடையதும்தான்.

தோழி திருத்திய வரைவை அனுப்பிவிட்டார். மறுபக்க வக்கீலிடமிருந்து பதில் வந்திருக்கிறது. முதல் பட்டம் வரை சரி, ஃபீஸில் 60 சதவீதம் சரி, வருடம் 8 சதவீத ஏற்றமும் சரியாம். ஹாஸ்டலுக்கு மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பொண்ணு உள்ளூரிலேயே படிக்கட்டுமே என்கிறாராம் அப்பா.