வாஷிங்டனின் பிரியாவிடை மடல்
‘கிளேபூல்ஸ் அமெரிக்கன் டெய்லி அட்வர்டைசர்’ நாளிதழ், பிலடெல்பியா, 19 செப்டம்பர் 1796

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன், மூன்றாம் முறையாகப் பதவி ஏற்க விரும்பவில்லை என்பதை இந்த நாளிதழ் வழியே மக்களுக்கு அறிவித்தார். இந்த மடலை அவர் எந்த மேடையிலும் உரையாக நிகழ்த்தவில்லை. அக்கால அரசியல் தலைவர்களான ஜேம்ஸ் மாடிசனின் 1792ஆம் ஆண்டு வரைவும் அலெக்சாண்டர் ஹாமில்டனின் உதவியும் இதற்கு அடிப்படை. இறுதிப் படியை வாஷிங்டனே தம் கையால் எழுதினார்.

மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது வெளியுறவு பற்றிய பகுதி. விடுதலைப் போரில் துணைநின்ற பிரான்சுடன் அமெரிக்கா 1778இல் கூட்டணி ஒப்பந்தம் செய்திருந்தது. 1793இல் பிரான்சும் பிரிட்டனும் போரில் இறங்கியபோது, நன்றிக்கடனைத் தீர்க்கப் பிரான்சின் பக்கம் நிற்க வேண்டும் என்று பலர் வற்புறுத்தினர். அமெரிக்காவோ அப்போது கடற்படையே இல்லாத இளம் நாடு. ஏப்ரல் 22 அன்று வாஷிங்டன் நடுநிலையை அறிவித்தார். கடும் எதிர்ப்பையும் தாங்கினார்.

அந்த அனுபவத்தின் சாரம் இம்மடலில் உள்ளது. எல்லா நாடுகளுடனும் வணிகம் செய்யலாம், அரசியல் பிணைப்பு குறைவாக இருக்கட்டும் என்கிறார். பிற நாட்டின் மீது தீராப் பகை கொண்டாலும் அளவற்ற பற்று வைத்தாலும் அந்த உணர்வுக்கே அடிமையாவோம் என எச்சரிக்கிறார். நெருக்கடிக் காலத் தற்காலிகக் கூட்டணியை அவர் மறுக்கவில்லை. உலகை விட்டு ஒதுங்கச் சொன்னதாகக் கொள்வது பிழை.